ஓப்பன்ஆபீஸும் லிப்ரெஆபீஸும்: ஒரு பிரிவின் நடுவில் நின்று கற்றவை

மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கிற ஒரு திறமூலத் திட்டம் இரண்டாகப் பிரிந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, யார் பக்கம் நியாயம் என்றுதான். கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்கான இலவச மென்பொருள் தொகுப்பான ஓப்பன்ஆபீஸிலிருந்து லிப்ரெஆபீஸ் பிரிந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். எனக்கு அந்தப் பிரிவோடு இரண்டு வகையில் தொடர்பு உண்டு. சிறிய ஊர் ஒன்றில் தட்டச்சும் கணினியும் சொல்லித் தருகிறேன். சுற்றுவட்டாரத்து அலுவலகங்களுக்கு இந்த மென்பொருளை நிறுவிக் கொடுப்பதும், ஏதாவது சிக்கல் என்றால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. அதோடு, மெனுக்களையும் உதவிச் செய்திகளையும் தமிழில் பெயர்க்கும் தன்னார்வலர் குழு ஒன்றிலும் இருந்தேன். அதனால் சண்டையின் சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் காதில் விழுந்தது.

இத்தனை ஆண்டுகள் பார்த்த பிறகு என் எண்ணம் இது. பிரிவு மனத்தாங்கலில் தொடங்கும். அதன் பிறகு என்ன ஆகும் என்பதை உரிமமும், பெயர் யார் கையில் இருக்கிறது என்பதும், பதிப்பு வெளியிட உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆட்களும்தான் முடிவு செய்கிறார்கள். பயன்படுத்துகிற நமக்கு இதில் கவனம் தேவை, ஏனென்றால் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நமக்கே தெரியாமல் பல வருடம் ஓடிவிடும்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். ஜெர்மனியின் ஸ்டார்டிவிஷன் என்ற நிறுவனத்தையும் அதன் ஸ்டார்ஆபீஸ் தொகுப்பையும் 1999ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000ல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன்ஆபீஸ். நிரல் திறந்திருந்தாலும், பங்களிப்பவர்கள் தங்கள் நிரலின் பதிப்புரிமையைச் சன்னோடு பகிர்ந்துகொள்வதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதே நிரலை வைத்துச் சன் விலைக்கு விற்கிற ஸ்டார்ஆபீஸையும் வெளியிட முடிந்தது. கையெழுத்திட மனமில்லாதவர்களும், தங்கள் பேட்ச் (நிரலுக்கு எழுதி அனுப்பும் திருத்தம்) மாதக்கணக்கில் கிடப்பில் கிடப்பதைப் பார்த்துச் சலித்தவர்களும் வேறு வழி தேடினார்கள். நாவெல் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் மீக்ஸ் முதலானவர்கள் அந்த பேட்சுகளையெல்லாம் திரட்டி, கோ-ஓஓ என்ற பெயரில் ஒரு தொகுப்பை நடத்தினார்கள். டெபியன், உபுண்டு, ஓப்பன்சூசே போன்ற லினக்ஸ் விநியோகங்கள் பல அந்த பேட்சுகளைச் சேர்த்துத்தான் கொடுத்தன. திரையில் ஓப்பன்ஆபீஸ் என்றே பெயர் தெரியும். உள்ளே இருந்தது சன் வெளியிட்டதிலிருந்து கொஞ்சம் வேறான ஒன்று.

நான் முதலில் புரிந்துகொண்டதே இதைத்தான். ஃபோர்க், அதாவது ஒரு திட்டம் இப்படி இரண்டாகப் பிரிவது, அறிவிப்பு வருகிற நாளில் நடப்பதில்லை. ஏற்றுக்கொள்ளப்படாத பேட்சுகள் ஓரிடத்தில் குவியத் தொடங்கும்போதே அது ஆரம்பித்துவிடுகிறது. இப்போதும் நான் நம்பிப் பயன்படுத்துகிற எந்தத் திட்டத்திலாவது, "மூலத் திட்டம் எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் நாங்களே சேர்த்துத் தருகிறோம்" என்ற குறிப்பு அடிக்கடி தென்பட்டால், அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பேன்.

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது. ஓப்பன்ஆபீஸின் எதிர்காலம் பற்றித் தெளிவான பதில் வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று பங்களிப்பாளர்களில் ஒரு பெரும் பகுதியினர் தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். லிப்ரெஆபீஸ் என்ற பெயரை அப்போது தற்காலிகமாகத்தான் வைத்தார்கள். ஆரக்கிளும் சேர வேண்டும், ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரைப் புதிய அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே அழைத்தார்கள். ஆரக்கிள் சேரவில்லை. அக்டோபரில் நடந்த ஓப்பன்ஆபீஸ் சமூகக் குழுக் கூட்டத்தில், புதிய அமைப்பில் இருப்பவர்கள் நலன் முரண்பாடு காரணமாகப் பழைய குழுவிலிருந்து விலக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு சமாதானப் பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது.

அந்தக் கூட்டத்தின் பதிவை நாங்கள் எல்லாரும் படித்தோம். எங்கள் தமிழாக்கக் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓப்பன்ஆபீஸுக்காகப் பல வருடம் இரவு இரவாக உட்கார்ந்து உழைத்தவர். "தம்பி, வீட்டுக்காரர் மாறினா வீட்டையா விட்டுட்டுப் போவாங்க? இருந்து பேசி வாங்கணும்" என்றார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி உடனே, "அண்ணே, பத்து வருஷமா பேசித்தானே பார்த்தாங்க. வெளியே போகிற உரிமை இருக்குன்னுதானே நாம இதைத் திறமூலம்னு சொல்றோம்" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அன்றைக்கு நாங்கள் முடிவு எதுவும் எடுக்கவில்லை. செய்த வேலை வீணாகாத ஒரு வழியைப் பார்ப்போம், அப்புறம் பக்கம் சேர்வதைப் பற்றி யோசிப்போம் என்று விட்டுவிட்டோம். இப்போது நினைத்தாலும் அந்த ஒத்திவைப்பு நல்லது என்றே தோன்றுகிறது. ஃபோர்க் அறிவிக்கப்பட்ட முதல் சில வாரங்களில் யாரிடமும் நிதானமான தகவல் இருப்பதில்லை. அந்த நேரத்தில் பக்கம் சேர்கிறவர்கள் சொல்லிவிடுகிற வார்த்தைகளைப் பிற்பாடு திரும்ப எடுக்க முடிவதில்லை.

2011 ஜனவரி 25 அன்று லிப்ரெஆபீஸ் 3.3 வந்தது. பிப்ரவரியில் அறக்கட்டளை தொடங்குவதற்கான 50,000 யூரோ முதலீட்டை எட்டே நாளில் மக்கள் நன்கொடையாகக் கொடுத்தார்கள். ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 லிப்ரெஆபீஸையே இயல்பான அலுவலகத் தொகுப்பாக வைத்துக்கொண்டது. அதே ஏப்ரலில் ஆரக்கிள் தன் வணிகப் பதிப்பை நிறுத்துவதாகச் சொன்னது. அப்பாடா, முடிந்தது, இனி இரண்டும் ஒன்றாகிவிடும் என்று எங்களில் பலர் நினைத்தோம்.

ஆகவில்லை. ஜூன் 1 அன்று ஆரக்கிள் ஓப்பன்ஆபீஸின் நிரலையும் பெயரையும், பல திறமூலத் திட்டங்களை நடத்துகிற அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஐபிஎம் அதை வரவேற்றது. ஐபிஎம்மின் சிம்ஃபனி என்ற தொகுப்பு ஓப்பன்ஆபீஸ் நிரலின் மேல் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு நிபந்தனை குறைவான அப்பாச்சி உரிமம் வசதியானது. லிப்ரெஆபீஸ் பக்கத்தாருக்கோ எல்ஜிபிஎல், எம்பிஎல் போன்ற உரிமங்கள்தான் கொள்கை: நிரலை மாற்றி வெளியிடுகிறவர் அந்த மாற்றத்தையும் திறந்தே வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் உண்மையான பிரிவு இந்த இரண்டாவது கட்டத்தில்தான் நடந்தது. முதல் கட்டத்தில் ஒரு நிறுவனத்தின் மேல் எல்லாருக்கும் கோபம். இரண்டாவது கட்டத்தில் திறமூலத்தை உளமார நேசிக்கிற இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்றது. இரண்டு பக்கமும் தங்கள் உரிமக் கொள்கையை மனதார நம்பியவர்கள். அதனால்தான் வலியும் அதிகமாக இருந்தது.

உரிமத்தின் விளைவைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரெஆபீஸ் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. லிப்ரெஆபீஸில் எழுதப்பட்டதை அப்பாச்சி பக்கம் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அப்பாச்சி அறக்கட்டளையின் விதிகள் எல்ஜிபிஎல் நிரலைத் தன் வெளியீட்டுக்குள் அனுமதிப்பதில்லை. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது வாய்க்கால் ஒரு பக்கம் மட்டும் சரிந்திருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடந்தது. சிம்ஃபனியிலிருந்து வந்த பக்கப்பட்டையை (திரையின் ஓரத்தில் வசதிகளைக் காட்டும் பட்டை) அப்பாச்சி ஓப்பன்ஆபீஸ் 4.0ல், 2013 ஜூலையில், கொண்டுவந்தார்கள். நல்ல வேலை அது. லிப்ரெஆபீஸும் அதை எடுத்துக்கொண்டது. மறுபக்கம், லிப்ரெஆபீஸில் யாரோ ஒரு தன்னார்வலர் சரிசெய்த பிழையை அப்பாச்சி பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்க்கலாம். ஆனால் எழுதியவரே தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய எடுக்க முடியாது. லிப்ரெஆபீஸ் 2013 பிப்ரவரியில் வந்த 4.0க்குள் தன் நிரலை அப்பாச்சி வெளியிட்ட அடித்தளத்தின் மேல் மாற்றி அமைத்து, எம்பிஎல் உரிமத்துக்கும் வழி செய்துகொண்டது. அதற்கு அப்பாச்சி பக்கம் உரிமத்தைத் தளர்த்தியதே உதவியது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இது எங்கள் தமிழாக்கக் குழுவையும் நேரடியாகத் தொட்டது. இரண்டு திட்டமும் பூட்டில் என்ற ஒரே மாதிரியான மொழிபெயர்ப்புக் கருவியைத் தனித்தனியாக நடத்தின. ஒரே மெனு, ஒரே வாக்கியம், இரண்டு இடத்தில் காலியாகக் கிடந்தது. ஏற்கனவே செய்ததை அங்கிருந்து இங்கே நகலெடுத்துப் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். போடக் கூடாது. என் மொழிபெயர்ப்புக்கு உரிமையாளன் நான். அதை இரண்டு பக்கமும் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த நண்பர் மொழிபெயர்த்ததை அவரைக் கேட்காமல் கொண்டுபோய் வேறு உரிமத்தில் வைக்க எனக்கு உரிமை இல்லை. எல்லாம் ஒரே கோப்பில் கலந்து கிடந்தால் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

சரி, என்ன செய்தோம்? லிப்ரெஆபீஸ் பக்கம் நடைமுறை எளிது: என் பங்களிப்புகளை எம்பிஎல், எல்ஜிபிஎல் இரண்டின் கீழும் வெளியிடலாம் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினால் போதும். அப்பாச்சி பக்கம் தொடர்ந்து பங்களிக்கிறவர்கள் தனிநபர் பங்களிப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். அதுவும் அனுமதி கொடுக்கிற ஒப்பந்தம்தான்; பதிப்புரிமை நம் கையை விட்டுப் போவதில்லை. பழைய சன் காலத்து அனுபவத்தால், கையெழுத்து என்றதுமே குழுவில் பலருக்குப் பயம். உட்கார்ந்து இரண்டையும் வரிவரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பயம் விலகியது. அதன் பின் ஒவ்வொருவரும் தான் செய்ததைத் தன் பெயரில் தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். விருப்பம் உள்ளவர் இரண்டு பக்கமும் கொடுக்கலாம், ஒரு பக்கம் மட்டும் கொடுக்க நினைப்பவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. எந்தத் திறமூலத் திட்டத்துக்கு எதைக் கொடுத்தாலும், கணினி வரைகலையோ எழுத்துருவோ சொற்பட்டியலோ, மூலக் கோப்பின் ஒரு பிரதி உங்களிடம் உங்கள் பெயரோடும் தேதியோடும் இருக்கட்டும். திட்டம் பிரியும்போது அதுதான் கை கொடுக்கும்.

பிரிந்த பிறகு லிப்ரெஆபீஸ் பக்கம் நடந்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டார்டிவிஷன் காலத்திலிருந்து நிரலுக்குள் கிடந்த ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையை எடுத்து, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். அதோடு "ஈஸி ஹாக்ஸ்" என்று சிறு சிறு வேலைகளின் பட்டியல் ஒன்று வைத்தார்கள். எந்தக் கோப்பில் பார்க்க வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருக்கும். எங்கள் குழுவில் இருந்த அந்தக் கல்லூரிப் பெண் அப்படித்தான் மொழிபெயர்ப்பிலிருந்து நிரலுக்குள் போனாள். யார் சரி என்று கட்டுரை எழுதி ஆள் சேர்ப்பதைவிட, புதிதாக வருபவருக்குச் செய்ய ஒரு சின்ன வேலை கொடுப்பதில் ஆள் நிற்கிறார்கள். பிரிந்து போகிற யாருக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான்.

2015ல் நடந்தது எனக்கு நேரடியாக வேலை வைத்தது. கொரிய மொழி ஆவண வகை ஒன்றைத் திறக்கும் வடிகட்டியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சிவிஇ-2015-1774 என்பது அதன் எண். இரண்டு திட்டத்துக்கும் பொதுவான பழைய நிரல் அது. லிப்ரெஆபீஸ் ஏப்ரலிலேயே திருத்திய பதிப்பை வெளியிட்டுவிட்டது. அப்பாச்சி ஓப்பன்ஆபீஸில் திருத்தம் அடங்கிய 4.1.2 பதிப்பு அக்டோபர் கடைசியில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் சொன்ன வழி, நிறுவிய கோப்புறையில் உள்ள அந்த வடிகட்டியின் டிஎல்எல் கோப்பை நீக்கிவிடுங்கள் என்பது.

வழி சரிதான். ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? கணினியில் உள்ள படத்தைச் சொடுக்கினால் திறக்கிறது, அவருக்கு அவ்வளவுதான். நான் நிறுவிக் கொடுத்த இடங்களுக்கெல்லாம் பைக்கில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில இடங்களில் அந்தக் கோப்பை நீக்கினேன். பெரும்பாலான இடங்களில் லிப்ரெஆபீஸுக்கு மாற்றினேன். "கொரியன் ஃபைல் நம்ம கிட்ட ஏது சார்?" என்று ஒருவர் சிரித்தார். நமக்குத் தேவையில்லாத வசதியில் ஓட்டை இருந்தாலும், வெளியிலிருந்து வருகிற கோப்பு அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று விளக்கிச் சொன்னேன்.

இந்தத் தாமதத்துக்காக அப்பாச்சி பக்கத்துத் தன்னார்வலர்களைத் திட்டியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிரலில் பத்து வரியைத் திருத்துவது ஒரு வேலை. அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும், எல்லா மொழிகளுக்கும் பில்ட் செய்து (நிறுவக்கூடிய பதிப்பாக்கி), சோதித்து, கையொப்பமிட்டு வெளியிடுவது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்கு ஆள் கிடைப்பார்கள். இரண்டாவதற்கு ஆள் கிடைப்பது அரிது. அதற்கு யாரும் கைதட்டுவதும் கிடையாது. அந்த ஆட்கள் குறைந்து போன திட்டத்தில் திருத்தம் தயாராகியும் பயனரிடம் வந்து சேராது. 2016லும் அப்படியே ஆனது: ஜூலையில் வேறு ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டது, திருத்தம் அடங்கிய 4.1.3 அக்டோபரில் வந்தது. நடுவில் செப்டம்பரில், திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே, ஓப்பன்ஆபீஸை ஓய்வு பெறச் செய்வது என்றால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். தைரியமான கேள்வி. இருந்தவர்கள் தொடர்ந்து நடத்துவது என்று நின்றார்கள். 2014 ஏப்ரலில் 4.1 வந்த பிறகு அங்கே வெளியானவை அந்த வரிசையின் சிறு திருத்தப் பதிப்புகளே.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். இரண்டாகப் பிரிந்த எந்தத் திட்டத்திலும், புதிய வசதிகளின் பட்டியலை நான் முதலில் பார்ப்பதில்லை. கடைசியாக வந்த பாதுகாப்பு அறிவிப்பை எடுத்து, ஓட்டை வெளியே தெரிந்த தேதிக்கும் திருத்திய பதிப்பு தரவிறக்கத்துக்கு வந்த தேதிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். அப்புறம், கடந்த சில பதிப்புகளை வெளியிட்டவர்கள் ஒரே ஆளா, பலரா என்று பார்ப்பேன். ஒருவரே என்றால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அலுவலகங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. அவர் நோயில் படுத்தால் திட்டமும் படுத்துவிடும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருள் வளர்ச்சி ஒரு பக்கம் போக, பெயர் இன்னொரு பக்கம் தங்கிவிட்டது. ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரை மக்கள் பத்து வருடம் பழகியிருந்தார்கள். 2020 அக்டோபரில் ஓப்பன்ஆபீஸின் இருபதாம் ஆண்டை ஒட்டி, லிப்ரெஆபீஸ் பக்கத்தார் ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். புதிய வசதிகளும் தொடர்ச்சியான திருத்தங்களும் வேண்டுபவர்களுக்கு லிப்ரெஆபீஸ் என்று ஒன்று இருப்பதை நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். அதே வாரத்தில் அப்பாச்சி பக்கம், தங்கள் தரவிறக்கம் 30 கோடியைத் தாண்டியதைக் கொண்டாடினார்கள். இரண்டும் உண்மை. அந்தக் கடிதம் சொன்னது பயனர்களுக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால், பல வருடம் ஒன்றைக் காத்து வந்தவர்களிடம் உங்கள் வாசலிலேயே எங்கள் முகவரியை எழுதி வையுங்கள் என்று பொதுவெளியில் கேட்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்பதும் புரிகிறது. முன்பு பேசிக்கொண்ட கசப்பு இல்லாதிருந்தால் இதையே இரண்டு பேர் தொலைபேசியில் பேசி முடித்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரின் பிடி வகுப்பறை வரை வந்திருக்கிறது. 2018ல் புதிய பாடத்திட்டத்தில் வந்த பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓப்பன்ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ்தான் பாடம். அதே நூலில் உபுண்டுவும் உண்டு. அன்றைய உபுண்டுவை நிறுவினால் கூடவே வந்தது லிப்ரெஆபீஸ். என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், "சார், புக்குல இருக்கிற மெனு இங்க இல்லையே" என்று கேட்பார்கள். இலவச மென்பொருளைப் பாடமாக வைத்தது பெரிய நன்மை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் தன் கணினியில் அதை நிறுவிப் பழக முடிகிறது. நான் செய்வது, இரண்டையும் ஒரே கணினியில் நிறுவி வைப்பது. அவை தனித்தனி அமைப்புக் கோப்புறைகளைப் பயன்படுத்துவதால் ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை. தேர்வுக்குப் பாடநூலில் உள்ளபடி ஓப்பன்ஆபீஸில் ஒரு முறை, அதே வேலையை லிப்ரெஆபீஸில் ஒரு முறை செய்யச் சொல்வேன். இரண்டையும் பார்த்த பிள்ளைக்கு மெனுவின் இடம் மனப்பாடம் ஆவதற்குப் பதிலாக வேலை புரிந்துவிடுகிறது.

அலுவலகங்களில் இரண்டும் கலந்து கிடந்தால் சிக்கல் வேறு விதம். மின்னஞ்சலில் வருவது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு. ஓப்பன்ஆபீஸ் அதைத் திறக்கும், திரும்ப அந்த வகையிலேயே சேமிக்காது. லிப்ரெஆபீஸ் சேமிக்கும். ஒரே கடிதம் மூன்று கணினி சுற்றி வந்தால் மூன்று வகைக் கோப்பாக நிற்கும். எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஓர் அலுவலகத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லிவிடுவேன். மாற்றும்போது பலர் மறப்பது பயனர் அகராதியை. ஊர்ப் பெயர், ஆள் பெயர், திட்டப் பெயர் என்று பல வருடமாகச் சேர்த்த தமிழ்ச் சொற்கள் எல்லாம் பயனர் கோப்புறைக்குள் வேர்ட்புக் என்ற உள்கோப்புறையில் இருக்கும். அந்தக் கோப்பின் வடிவம் இரண்டு மென்பொருளுக்கும் பொது. அப்படியே நகலெடுத்து வைத்தால் போதும். மாக்ரோக்களும், அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களும், பெரும்பாலும் ஓடும். உள்ளே உள்ள நிரல் இடைமுகத்தின் பெயர்களில் இன்னமும் சன்னின் பெயர் இருக்கிறது. பழைய மாக்ரோக்கள் உடையாமல் இருக்க இரண்டு பக்கமும் அதை மாற்றாமலே வைத்திருக்கிறார்கள். இத்தனை சண்டைக்கு நடுவிலும் பயனரின் பழைய கோப்பு திறக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் கவனமாக இருந்ததற்கு இதுவே சாட்சி.

நான் முழுதாக லிப்ரெஆபீஸுக்கு வந்ததற்குத் தமிழ் எழுத்து ஒரு காரணம். முன்பெல்லாம் ஒரே ஆவணத்தை விண்டோஸிலும் உபுண்டுவிலும் திறந்தால் வரி முறியும் இடம் மாறும், பக்க எண்ணிக்கையும் மாறும். ஒவ்வோர் இயங்குதளத்திலும் எழுத்துகளைக் கோக்கும் பொறி வேறு. 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பில் எல்லா இயங்குதளத்துக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே பொறியைக் கொண்டுவந்தார்கள். ஒரே எழுத்துரு வைத்திருந்தால் மற்றவர்களுக்கு நான் அனுப்புகிற பக்கம் அங்கேயும் அதே மாதிரி வரத் தொடங்கியது.

பிரிந்து வந்த வீட்டிலும் பிரச்சினை வராமல் இல்லை. 2020ல் 7.0 பதிப்பின் சோதனை வெளியீட்டில் "பெர்சனல் எடிஷன்" (தனிநபர் பதிப்பு) என்று ஒரு குறிச்சொல் தென்பட்டது. பெரும் எதிர்ப்பு கிளம்பி அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கொலாபரா நிறுவனம், லிப்ரெஆபீஸின் ஆன்லைன் பதிப்பில் தான் செய்து வந்த வேலையைத் தன் பெயரில் தனியாக எடுத்துச் சென்றது. சம்பளம் கொடுத்து நிரல் எழுத வைக்கிறவர்களுக்கும், அறக்கட்டளையை நடத்துகிறவர்களுக்கும், இலவசமாகப் பயன்படுத்துகிற நமக்கும் உள்ள உறவு எங்கேயும் எளிதாக இல்லை. ஆன்லைன் பதிப்பைத் தங்கள் சர்வரில் வைத்திருப்பவர்கள் அது யாருடைய நிரல் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் குழு இன்னும் இருக்கிறது. பழையவரில் சிலர் விலகிப் போனார்கள். மூத்தவர் அப்பாச்சி பக்கமே நின்றார், நான் இந்தப் பக்கம். லிப்ரெஆபீஸ் மொழிபெயர்ப்பு பூட்டிலிலிருந்து வெப்லேட் என்ற வேறொரு கருவிக்கு மாறியபோது எங்கள் சொற்பட்டியலைப் புதிதாகத் தொகுக்க வேண்டியிருந்தது. அவரிடம் கேட்டேன். தான் சேர்த்த சொற்களை மறுபேச்சில்லாமல் அனுப்பினார். யார் சேர்த்த சொல் எது என்று ஒரு பத்தியில் குறித்தோம். கோப்பின் முதல் வரியில், இதில் உள்ளவற்றை இரண்டு திட்டங்களும் அவரவர் உரிமத்தில் பயன்படுத்தலாம் என்று எழுதி, சம்மதித்த எல்லாருடைய பெயரையும் அதன் கீழே போட்டிருக்கிறோம். புதிதாகச் சொல் சேர்ப்பவர்கள் முதலில் அந்த வரியைப் படித்துவிட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்கிறார்கள்.